தானம் வந்த வௌவாலும் பல்லும்

கே: மேகமலையின் பெயரைச் சொல்ல ஒரு பிராணி வேண்டும். யானை, காட்டுமாடு என்று மழுப்பக் கூடாது! (சின்னமனூர் வாசகர்)

ப: வௌவால் போதுமா? சலீம் அலி பழந்தின்னி வௌவால். உலகத்துக்கு அதன் முதல் அறிமுகம் உங்கள் தலைக்கு மேலே இருக்கிற மலையில்தான். வெள்ளைக்காரர்கள் ‘ஹை வேவி மவுண்டன்ஸ்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அங்கே தோட்டத் துரையாக இருந்த அங்கஸ் ஹட்டன் 1948-இல் ஒன்றைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். குட்டைமூக்குப் பழந்தின்னி என்று பெயர் எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள். அது தப்பான பெயர் என்று தெரிய 1972 வரை ஆனது.

கே: 24 வருஷமா? அத்தனை பேரும் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? (கம்பம் வாசகர்)

ப: இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நீங்களும் ஏமாறுவீர்கள். இரண்டுமே பழுப்பு. முன்கை எலும்பு இரண்டுக்கும் ஏறக்குறைய 7 செ.மீ. போதாக்குறைக்கு, குட்டைமூக்கன் ஊரெல்லாம் இருப்பவன். அவனாகத்தான் இருக்கும் என்று யாருக்குமே தோன்றும். தூங்கினார்கள் என்று குறை சொல்வதைவிட, தூக்கி எறியாமல் வைத்திருந்தார்களே என்று கும்பிடு போடலாம்.

கே: பின்னே எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? (போடி வாசகி)

ப: தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தாய்லாந்துக்காரர் கிட்டி தோங்லோங்யாவுக்கு நம் பழமொழி தெரிந்திருக்காது, நல்லவேளை. வௌவால் ஆராய்ச்சியில் மண்டையோட்டைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்து, லென்ஸ் வைத்துப் பல்லை எண்ணுவார்கள். குட்டைமூக்கனுக்கு மேல்தாடையில் இரண்டு ஜோடி, கீழ்தாடையில் இரண்டு ஜோடி வெட்டுப்பற்கள். ஹட்டனின் வௌவாலுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. பல் விழுந்த கிழடோ என்று சந்தேகப்பட்டால், அடுத்த சாட்சி வால். குட்டைமூக்கனுக்குச் சின்னதாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு வெளியே தெரிகிற வாலே கிடையாது. இனம் மட்டுமில்லை, பேரினமே புதிது என்று முடிவுகட்டி, கழகத்தின் சஞ்சிகையிலேயே எழுதினார். பேரினத்துக்கு வைத்த பெயர் லாட்டிடென்ஸ். அதுவும் பல்லை வைத்துத்தான்.

கே: பறவைக்காரர் சலீம் அலிக்கும் வௌவாலுக்கும் என்ன சம்பந்தம்? (தேவாரம் வாசகர்)

ப: இரண்டும் பறக்கிறதே! விளையாட்டு இருக்கட்டும். அந்தக் கழகத்தையே தோளில் சுமந்தவர் அவர். அதனால் இந்த மரியாதை. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் நாகரிகமில்லை. கிட்டிக்கும் ஒரு வௌவால் கிடைத்தது. தாய்லாந்தில் அவர் கண்டெடுத்த, 2 கிராம் எடையுள்ள குட்டி வௌவாலுக்கு 1974-இல் அவர் பெயரை வைத்தார்கள். அதே வருஷம் அவர் காலமானார்.

கே: பிடித்துக் கொடுத்த ஹட்டனுக்கு ஒன்றும் இல்லையா? (கூடலூர் வாசகர்)

ப: உண்டு, விஷப்பாம்பு. அதே மலையில் அவர் பிடித்த குழிவிரியன் குட்டிகளைப் பார்த்து, மால்கம் ஸ்மித் 1949-இல் ‘ஹட்டோனி’ என்று பெயரிட்டார். அந்தப் பழைய மாதிரியை 1998-இல் டேவிட், வோகல் என்ற இருவர் மறுபடி ஆராய்ந்து, வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். பாம்புக்கு இதெல்லாம் தெரியாது.

கே: வௌவால் இப்போதும் இருக்கிறதா, பாட்டிலில் மட்டும்தானா? (ஆண்டிபட்டி வாசகி)

ப: இருக்கிறது. 1993-இல் அதே மலையில் உயிரோடு பார்த்தார்கள். பிற்பாடு களக்காடு முண்டந்துறைப் பக்கமும் தென்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சமபந்தியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

கே: என் திராட்சையைத் தின்பது இந்தப் பிரபலம்தானா? (ஓடைப்பட்டி விவசாயி)

ப: வீண்பழி! இது மலைக்காட்டிலும் காப்பி, ஏலத் தோட்டங்களிலும் இரை தேடுவது. உங்கள் பந்தலுக்கு வருகிறவன் பெரும்பாலும் குட்டைமூக்கன். 1948-இல் நடந்த அதே ஆள்மாறாட்டத்தை நீங்களும் செய்கிறீர்கள். பந்தலுக்கு வலை போடுங்கள். சிக்கியதை அடித்துக் கொல்லாதீர்கள். அத்தி விதையையும் இலுப்பை விதையையும் கூலி கேட்காமல் தூவுகிறவன் அவன்.

கே: எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பழைய ஜாடிகள் கிடக்கின்றன. இடத்தை அடைக்கிறது, அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். (உத்தமபாளையம் மாணவர்)

ப: கையெடுத்துக் கேட்கிறேன் தம்பி, வேண்டாம். முதலில் சீட்டைப் பாருங்கள். எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்ற மூன்றும் இருந்தால் அது சொத்து. எழுத்து மங்கியிருந்தால் புதுச் சீட்டு எழுதி, பழைய சீட்டையும் கூடவே உள்ளே போடுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள். ஸ்பிரிட் வற்றியிருந்தால் இந்த வாரமே ஊற்றச் சொல்லி ஆசிரியரிடம் நில்லுங்கள்.