ஒரு மாடு, ரெண்டு பேரு, ஒரு தும்பு

ஏன்டா பேராண்டி, மூணு நாளா திண்ணையில ஒக்காந்து அந்த லேப்டாப்ப மொறைக்கிறியே, அது உனக்கு என்ன பாக்கி வச்சிருக்கு? ஒங்கம்மா வச்ச மோருல ஈ குளிக்குது. நீ போன்ல கூட்டாளிகிட்ட கத்துனதெல்லாம் கேட்டேன். எனக்குக் காது மந்தம்ங்கிறது கடன் கேக்க வர்றவனுக்கு மட்டுந்தான்.

ரெஃப்புங்கிற, கரண்டுங்கிற, நல்லுங்கிற. 'நல்'லுன்னா ஏதோ நல்லதாக்கும்னு இருந்தேன். ஒன்னுமே இல்லங்கிறதுக்குத்தான் அந்தப் பேராம்ல!

தெரையில தெரியிற பெட்டி, பொத்தானெல்லாம் மாடு. ரெஃப்பு அதோட தும்பு. மாடு கொட்டாய்க்கு வந்ததும் ரியாக்ட்டே தும்ப உன் கையில குடுக்குது, போறப்ப வாங்கிக்கிது. நீ அத விட்டுட்டு ஐடிய வச்சுப் பக்கம் பூரா தேடுற. தும்ப விட்டு வாலப் புடிக்கிற புத்தி எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம வம்சத்துல இல்லையே.

இப்ப ஒன் வழக்குக்கு வர்றேன். ஒரே பெட்டி. வெளியில இருக்கிற கம்போனென்ட்டு அதுல கர்சர வைக்கணும்ங்குது, உள்ள இருக்கிறது அகலத்த அளக்கணும்ங்குது. ரெஃப்புல ஒன்னத்தான் மாட்ட முடியும். அதுக்கு மெர்ஜ்ரெஃப்ஸ்னு ஒரு எடுபுடி எழுதியிருக்க. அவன் மாட்ட வாங்கி, கேட்டது ஃபங்ஷனா இருந்தா கூப்புட்டுக் குடுக்கிறான், பொருளா இருந்தா கரண்ட்டுல வச்சுட்டு வர்றான். பத்து வரி வேல. நல்லாத்தான் எழுதியிருக்க.

ஆனா ஒவ்வொரு ரெண்டருக்கும் புது எடுபுடிய அனுப்புறியே! ஆளு புதுசுன்னா ரியாக்ட்டு என்ன பண்ணும்? பழையவன் கையில 'நல்'லக் குடுத்து அனுப்பிட்டு, புதுசா வந்தவன்கிட்ட மறுபடி மாட்டக் குடுக்கும். நீ பக்கத்துப் பெட்டியில ஒரு எழுத்து தட்டுனாலும் இங்க அவுத்துக் கட்டணும். எந்த மாடு பொறுக்கும்? யூஸ்கால்பேக்குல வச்சு ஒரே ஆளா நிறுத்து.

ஃபார்வர்ட்ரெஃப்ப இன்னும் ஏன் சுத்தி வச்சிருக்க? அது 2018-ல ரியாக்ட்டு 16.3 வந்தப்பப் போட்ட சட்ட. 2024 டிசம்பர்ல வந்த 19-ல ரெஃப்பு மத்த ப்ராப்போட ப்ராப்பா உள்ள வந்துடுது. கால்பேக் ரெஃப்பு, போறப்பக் கூப்புடச் சொல்லி ஒரு கிளீனப் ஃபங்ஷனையும் திருப்பிக் குடுக்கலாம். ஒருத்தன் அதக் குடுப்பான், இன்னொருத்தன் குடுக்கமாட்டான். குடுத்தவனோடத எடுபுடி சேத்து வச்சுக் கடைசியில கூப்புடணும், குடுக்காதவனுக்கு 'நல்' சொல்லணும். ஒன் எடுபுடி எல்லாத்தையும் வாங்கிக் காத்துல விட்டுடுறான். போன மாட்டோட தும்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது அதனாலதான்.

நம்மூரு காரைக்கால் அம்மையார் கத தெரியும்ல, அவங்க புருஷன் பரமதத்தன்? அவன் மூணாவது மாங்கனிய வாங்குனான், கையில பாத்தா காணோம். ரெண்டர் நடக்கிறப்பவே கரண்ட்ட எட்டிப் பாக்கிறவனுக்கு மொதத் தடவ அதே கதிதான். பெட்டி வந்து ஒக்காந்தப்புறம் எஃபெக்ட்டுல பாரு. அப்பவும் 'நல்'லான்னு கேட்டுட்டுத் தொடு.

கர்சரு, அளவு, உருட்டுறது, இதுக்குத்தான் தும்பு. பெட்டியில என்ன எழுதணும்ங்கிறத ப்ராப்ஸ்ல சொல்லு. நீ அதுக்கும் கயிறு போட்டு இழுக்கிற.

சரி, எந்திரி. மோரக் கொட்டிட்டு வேற வாங்கிக் குடி. அரசலாத்தங்கரையில நெசமாவே ஒரு மாடு நிக்குது, இருட்டுறதுக்குள்ள புடிச்சாந்து கட்டு.