கடாரத்தார்

சனி, ஞாயிறில் பண்பாட்டைப் பார்த்து முடித்துவிடக் கோலாலம்பூர் வரும் தமிழகத்துப் பெரியவர்களில் ஒரு வகை உண்டு. தோளில் ஜோல்னாப் பை, வாயில் கடாரம் (இன்றைய கெடா) வென்ற இராஜேந்திர சோழன். எங்கள் வட்டத்தில் இவருக்குப் பெயர் கடாரத்தார்.

சனி காலை தேசிய அருங்காட்சியகம். லெங்கோங் குகையில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் படுத்திருந்த பேராக் மனிதனை ஓரக்கண்ணாலும் பார்க்கமாட்டார். மலாக்கா சுல்தான்கள், போர்த்துகீசியர், வெள்ளைக்காரர் எல்லாரையும் பத்தே நிமிடத்தில் கடந்து, காவலரிடம் போய் நிற்பார்: "1025ஆம் வருஷப் படையெடுப்பு எந்த ரூம்ல?" மலாய்க்காரக் காவலர் பணிவோடு கழிவறைக்கு வழி காட்டுவார்.

அடுத்து பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரைத் தின்ற பிறகு, இனிச் செங்கல்லில்தான் கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது சூளைகள் எரிந்த இடம், பிறகு ரயில்வேயில் உழைத்த நம்மவர் குடியிருந்த இடம் என்று நான் ஆரம்பிப்பேன். "அது கெடக்கட்டும், சோழர் காலத்துல இங்க என்ன இருந்தது?" காடு என்றதும் அவர் முகம் வாடிவிடும்.

மாலையில் சொற்பொழிவு. கேள்வி நேரம்தான் அவருடைய கச்சேரி. "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்தவர், கடல் கடந்த தமிழன் தமிழை மறக்கக்கூடாது என்று முடிக்கும்போது தேநீர் ஆறியிருக்கும். முதல் உலகத் தமிழ் மாநாட்டைத் தனிநாயகம் அடிகள் 1966இல் இதே ஊரில்தான் கூட்டினார். சென்னைக்கு 1968இல்தான் முறை வந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. விருந்தாளி அல்லவா!

ஞாயிறு, நாட்டியம். ஒடிசியில் பேர்பெற்ற இராம்லி இப்ராகிம் மலாய்க்காரர் என்று கேட்டால் ஒரு கணம் ஆடிப்போவார். உடனே தெளிந்துவிடுவார்: "கடாரத்து ரத்தம் சார், வேறென்ன!"

கிளம்புமுன் கிள்ளான், தெங்கு கிளானா சாலை. பூக்கடை அம்மாவிடம் நிற்பார்.

"எந்த ஊரும்மா?"

"பந்திங்."

"அது சரி, சொந்த ஊரு?"

"பந்திங்தான் ஐயா."

"இல்லம்மா, பூர்வீகம்?"

"எஸ்டேட்டுங்க. அதையும் வித்துட்டாங்க, இப்ப அங்க வீடு கட்டுறாங்க. மல்லி முழம் அஞ்சு வெள்ளி, போடவா?"

வெள்ளியை ரூபாயாக்க அவர் மனசுக்குள் இருபதால் பெருக்க ஆரம்பித்திருப்பார்.