ஆளுக்கொரு நியாயம்

லண்டன் ஹாரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கடன் கட்டுவது நான், ஆள்வது சீனு. சீனு ஒரு ஃபெரெட். வீடியோ காலில் பார்த்த அம்மா, “கீரிப்பிள்ளையை ஏண்டா சோபாவுல படுக்க வச்சிருக்க?” என்றார். கீரி இல்லை, நீர்நாய்க்குப் பங்காளி. முயல் பிடிப்பதற்காக ஐரோப்பாவில் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வரும் இனம். சீனுவின் எடை ஒன்றரைக் கிலோ. வீட்டில் அவனுக்குள்ள எடை வேறு.

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபெரெட் நாளுக்கு 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். தூக்கி உலுக்கினாலும் சில நேரம் கண் திறக்காது. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஞாயிறு மதியம் நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் கண்ணயர்ந்தால், சீனுவுக்குப் போர்வை வரும். எனக்கு, “என்னங்க, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கணும்” என்ற குரல் வரும்.

விழித்தால் ஆட்டம். முதுகைக் கூனிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளி, நாற்காலிக் காலில் முட்டி, ‘டுக் டுக்’ என்று கொக்கரிப்பான். புதிதாகப் பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறுவார்கள். உண்மையில் அது சந்தோஷம். மகள் கைதட்டுவாள். சம்பள உயர்வு வந்த அன்று நான் லேசாக ஆடியபோது, “அப்பா, ஜன்னல் திறந்திருக்கு” என்றாள்.

கிடைத்ததைத் திருடி சோபாவுக்கு அடியில் பதுக்குவது இந்த இனத்தின் பிறவிக் குணம். சாவி, சாக்ஸ் எதுவானாலும் பாதகமில்லை. ரப்பர் மட்டும் கண்ணில் படக் கூடாது. கடித்து விழுங்கினால் குடலை அடைத்து ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும். ஆகவே என் ரப்பர் செருப்பு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெறுங்காலோடு நடப்பது நான்.

நாங்கள் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத சைவக் குடும்பம். சீனுவுக்கோ மாமிசம் தவிர வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது. சோறு, பழம், இனிப்பு எதுவும் ஆகாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால் இரவும் பகலும் தட்டு காலியாக இருக்கக் கூடாது. இதற்காகவே கராஜில் தனி ஃப்ரீசர். அதிலிருந்து கோழிக்குஞ்சை இடுக்கியால் எடுத்து, உறைபனி நீங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறி, தலை முழுகிவிட்டு வருவது குடும்பத் தலைவரின் கடமை. அதே தலைவர் இரவு பத்து மணிக்கு ஒரு முறுக்கை எடுத்தால், “இந்நேரத்துக்கா?”

சீனுவின் உடம்பில் ஒரு வாடை உண்டு. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் இன்னும் எண்ணெய் சுரந்து வாடை கூடும். “அவனை விடுங்க, நீங்க போய்க் குளிங்க” என்று தீர்ப்பு. வெயிலும் தாங்க மாட்டான். வியர்க்காத உடம்பு, 30 டிகிரி நெருங்கினாலே ஆபத்து. எனவே கோடையில் வீட்டிலிருக்கும் ஒரே ஃபேன் அவன் பக்கம் திரும்பியிருக்கும்.

நம் ஃப்ளூ ஃபெரெட்டுக்கும் தொற்றும். 1933இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். ஆகவே நான் தும்மினால், மனைவி ஓடி வந்து சீனுவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். கஷாயம் நானே போட்டுக்கொள்ள வேண்டும். வாய் திறந்து முறையிடவும் முடியாது. கிரீனிச் பூங்காவில் நடந்த மில்லேனியம் கச்சேரிக்குத் தோண்டாமல் கேபிள் இழுத்துக் கொடுத்தது ஃபெரெட்டுகள் என்பதை எங்கேயோ படித்து வைத்திருக்கிறாள். “நீங்க மாடி பல்பை எப்போ மாத்தப் போறீங்க?”

டிஸ்டெம்பர் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் சீனுவை எடை போட்டார். கூடியிருந்தது. இன்றாவது இவனுக்கு ஒரு திட்டு விழும் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

“குளிர்காலக் கொழுப்பு. வசந்தம் வந்தால் தானாக இறங்கிவிடும்” என்றார் டாக்டர்.

மனைவி என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: “நானும் எத்தனையோ வசந்தம் பார்த்துட்டேன்!”