ஆறரை மணி நடுவர்

அமெரிக்காவில் இரவு ஒன்பது மணிக்கு அதிபர் வேட்பாளர்கள் விவாத மேடை ஏறினால் கல்கத்தாவில் மறுநாள் காலை ஆறரை. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் அன்றைக்கு ஒரு தலை குறையும். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடித்தனத்தில், நோட்டும் சிவப்புப் பேனாவுமாக ஒரு மாமா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

மாமாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு. கல்லூரி நாளில் ஆங்கில விவாதப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். முதல் பரிசு யாருக்கு, எப்படிப் போனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கதைக்கு இரண்டு காபி பிடிக்கும். பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால் வங்காளியின் வாதக் காய்ச்சலும் தஞ்சாவூர்க் குதர்க்கமும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. 1828இல் டெரோசியோ என்ற இளம் ஆசிரியர் அகாடெமிக் அசோசியேஷனைத் தொடங்கி, விதியா மதியா, கடவுள் உண்டா இல்லையா என்று பையன்களை மோதவிட்ட ஊர் இது. அந்தப் பரம்பரையின் கடைசி நடுவர் தாம்தான் என்பதில் மாமாவுக்குச் சந்தேகம் கிடையாது.

நோட்டில் நாலு கட்டம்: குரல், மறுப்பு, நேரக் கட்டுப்பாடு, தோரணை. கொள்கைக்குக் கட்டமே இல்லை. “கொள்கையெல்லாம் நாளைக்குப் பேப்பர்ல வந்துடும். நான் பார்க்கறது டெலிவரி.”

பார்க்கிற முறையும் தனி. 1960இல் கென்னடியும் நிக்சனும் டிவியில் முதன்முதலாக மோதியபோது, ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் என்றும் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றும் சொன்னதாக ஒரு கதை உண்டு. மாமா அதை வேதமாக எடுத்துக்கொண்டுவிட்டார். நேரலையைச் சத்தமில்லாமல் பார்ப்பார். மறு ஒளிபரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டாவது கட்டத்தில் குறட்டை வருகிறது என்று மாமி புகார் சொல்வதுண்டு. “ஆழ்ந்து கேட்டா அப்படித்தான் சத்தம் வரும்” என்பது பதில்.

2024 ஜூன் 27, அட்லாண்டா. பைடனும் டிரம்பும். அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக் அணைக்கப்படும். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மாமி, இந்த ஏற்பாடு வீட்டுக்கும் கிடைக்குமா என்று விசாரித்தாள். பைடன் பாதி வாக்கியத்தில் தடம் மாறி, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம் என்று முடித்ததும் சிவப்புப் பேனா இறங்கியது. பத்துக்கு இரண்டு: ஒன்று வயதுக்கு, ஒன்று வந்ததற்கு. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, மாமா இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏரியைச் சுற்றினார்.

செப்டம்பர் 10, பிலடெல்பியா. இந்த முறை கமலா ஹாரிஸ். தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். “நம்மூர்ப் பொண்ணுங்கறதுக்காக அரை மார்க்கூடப் போடமாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கமலா நேரே டிரம்ப் நின்ற இடத்துக்கே நடந்துபோய்க் கை கொடுத்ததும் தோரணைக் கட்டத்தில் ஒன்பது விழுந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் குடியேறிகள் நாயைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் ஆதாரமில்லாமல் அடித்துவிட்டபோதும் மாமா நடுநிலை தவறவில்லை. “சமாசாரம் புளுகு. ஆனா குரல் நடுங்கறதா பாருங்கோ!” குரலுக்கு ஏழு.

விவாதம் பார்த்தவர்களில் 63 சதவீதம் பேர் கமலாவே ஜெயித்தார் என்கிறார்கள் என்று சிஎன்என் உடனடிக் கருத்துக்கணிப்பு சொன்னது. தம் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்றார் மாமா.

மாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. டிரம்ப் பேசும்போதெல்லாம் கமலா மோவாயில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா? உலகப் பத்திரிகைகள் அந்த பாவனையை ரசித்தன. மாமி ரசிக்கவில்லை. “மோவாய்ல கை வச்சிண்டு நிக்கறாளே, விளங்குமா? அவ பாட்டி இருந்தா தட்டிவிட்டிருப்பா.”

நவம்பர் 5 அன்று தேர்தல். டிரம்ப் ஜெயித்தார். மாமாவின் நாலு கட்டங்களும் சிஎன்என் கணிப்பும் ஒரு பக்கம், மாமியின் ஒற்றைக் கட்டம் ஒரு பக்கம். ஆனால் நடுவர் அசருகிற ஆளா? “விவாதத்துல ஜெயிச்சவா தேர்தல்லயும் ஜெயிக்கணும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? ஓட்டுப் போட்டவா விவாதத்தைப் பார்த்திருக்கமாட்டா.”

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்பவர் மாடி வீட்டு டாக்டர் பாபு. பழைய இடதுசாரி. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிற தெருவுக்கே ஹோ சி மின் பெயரை வைத்த ஊர்க்காரர் வேறு எப்படி இருப்பார்? 1976 விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று ஃபோர்டு உளறியதை அமெரிக்கா முழுக்கக் கேலி செய்தது. டாக்டர் பாபுவின் கணக்கில், அமெரிக்க அதிபர் ஒருவர் விவாதத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

போன வாரம் அவர்தான் மாமாவை மடக்கப் பார்த்தார்: நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு விவாதமே கிடையாதே, தாதா, அங்கே எப்படி மார்க் போடுவீர்கள்?

மாமா இதற்காகவே காத்திருந்ததுபோல நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். 2012. பீர்பூம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் பிரணாப் முகர்ஜியும், முன்னாள் சபாநாயகர் சங்மாவும் போட்டி. பொது மேடையில் விவாதிக்க வாருங்கள் என்று சங்மா சவால் விட்டார். விவாதம் நடக்கவே இல்லை. பிரணாப் சுமார் 69 சதவீத வாக்குமதிப்போடு ராஷ்டிரபதி பவனுக்குப் போய்விட்டார். நடக்காத அந்த விவாதத்துக்கும் நோட்டில் தீர்ப்பு இருந்தது. பிரணாபுக்கு ஒன்பது.

“ஒரு வங்காளியை வா, வாதம் பண்ணலாம்னு கூப்பிட்டும் அவர் வாயைத் திறக்கலை. டெரோசியோ காலத்திலிருந்து இந்த ஊர் பார்க்காத அதிசயம், டாக்டர் பாபு!”

அந்த ஒரு மார்க்கை ஏன் குறைத்தார் என்ற வழக்கு மாடிப்படியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.