பத்து ஆல்பமும் ஒரு பேராண்டியும்

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. உனக்குப் புடிச்ச பத்து இங்கிலீஷ் ராக் ஆல்பத்தை வரிசை போட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கியே, பாத்தேன். முந்தாநேத்து மூணாவதா இருந்தது இன்னிக்கு மொதல்ல நிக்குது. ராவோட ராவா யாருடா சிபாரிசு பண்ணது?

பாட்டு கேக்கறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா ரசிகன்னு ஆயிட்டா அதுக்கு சில சாமர்த்தியம் வேணும். தாத்தா சொல்றேன், கேட்டுக்கோ.

மொத புத்தி. யாராவது நிர்வாணா பேண்டு பேரை எடுத்தா, “நெவர்மைண்ட் ஆல்பம் கெடக்குது, ப்ளீச்தான் ஒசத்தி”ன்னு சொல்லிடு. ‘நெவர்மைண்ட்’ 1991-ல வந்து, அடுத்த ஜனவரியிலயே மைக்கேல் ஜாக்சனோட ‘டேஞ்சரஸ்’ஸை அமெரிக்கப் பட்டியல்ல கீழ தள்ளுச்சு. ஊரே கேட்டதை நீயும் புடிக்கும்னு சொன்னா உன் கெத்து இன்னா ஆவறது? ‘ப்ளீச்’ 1989-ல வந்தது. பதிவு பண்ண செலவு 606 டாலர் சொச்சம். அந்தக் காசைக் குடுத்த ஜேசன் எவர்மேன் அதுல ஒரு பாட்டுக்கும் வாசிக்கலை, ஆனா அட்டையில பேரும் படமும் இருக்கு. கோயில் ட்யூப்லைட்ல வெளிச்சமே தெரியாத அளவுக்கு ‘உபயம்’னு எழுதிக்கிறானே, அந்தக் கணக்குதான். இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரி பூரா போன்ல உன் சிநேகிதனுக்கு நீ பாடம் எடுக்கறது எனக்கு நல்லாவே கேக்குது. உனக்குத்தான் உங்கம்மா கூப்புடறது கேக்க மாட்டேங்குது.

ரெண்டாவது, பனியன். அதே ‘நெவர்மைண்ட்’ அட்டைப் படந்தான்: தண்ணிக்குள்ள ஒரு பச்சக்கொழந்தை, எதிர்ல தூண்டில்ல டாலர் நோட்டு. அதை மாட்டிக்கினு பட்டாபிராம் ஸ்டேஷன்ல நிக்குற. உங்க ஆயா கேக்குறா, “யாரு வூட்டுப் புள்ளடா, சளி புடிக்கப் போவுது”ன்னு. அந்தப் புள்ள வளந்து, அந்தப் படத்துக்காக 2021-ல பாட்டுக்காரங்க மேலயே கேஸு போட்டுட்டான். பனியன் போட்டவன் மேல இன்னும் போடலை. எதுக்கும் சாக்கிரதையா இரு.

மூணாவது, காசு. ரேடியோஹெட் பேண்டு 2007-ல ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை, இஷ்டப்பட்ட வெலையைக் குடுத்து எடுத்துக்கோன்னு இணையத்துல விட்டாங்க. சைபர் போட்டாலும் பாட்டு வரும். நல்ல வேளை, நீ அப்போ சின்னப்பய, நம்ம வூட்டு மானம் தப்பிச்சுது. 1993-ல நிர்வாணாவோட ‘இன் யூட்டரோ’வைப் பதிவு பண்ண ஸ்டீவ் ஆல்பினி இருந்தாரே, அவரு மனுஷன். ப்ளம்பருக்குக் குடுக்கற மாதிரி செஞ்ச வேலைக்குக் கூலி குடு, விக்கிற தட்டுல எனக்குப் பங்கு வாணாம்னாரு. கூலியோட மதிப்பு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நீ விளம்பரம் கேட்டுக்கினு ஓசியில கேக்குற, கேட்டா “பாட்டுதான் உயிரு” அப்படிங்கற.

நாலாவதுதான் முக்கியம். உள்ளூர் பேண்டு பக்கம் மட்டும் திரும்பிடாத. மெட்ராஸ்ல ஸ்க்ராட்னு ஒரு கூட்டம் 2006-லேருந்து வாசிக்குது, 2017-ல ‘பைசன்’னு ஆல்பம் போட்டாங்க. எஃப்16எஸ் பசங்க 2016-ல ‘ட்ரிக்கர்பங்க்டே’ போட்டாங்க. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டு மேடை ஏறுச்சு. நம்ம சாவு வூட்டுல விடிய விடியக் கேட்ட கானா, அங்க ராப்போடயும் ராக் கிதாரோடயும் ஒண்ணா நின்னு சாதியைக் கேள்வி கேட்டுச்சு. அமெரிக்காவுல சியாட்டில்ல யாரு எந்தச் சந்துல குடியிருந்தான்னு உனக்குத் தெரியும், கீழ்ப்பாக்கத்துக்கு எந்த பஸ்ஸுன்னு தெரியாது. வாசிக்கறவன் நம்ம ஊர்க்காரனாப் போயிட்டா ரசிகனுக்குக் கவுரவக் கொறச்சல் பாரு!

சரி, கிண்டல் போதும். நம்ம பட்டாபிராமுக்கு 21 மாடியில டைடல் பார்க்கே வந்தாச்சு, உனக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வருது. அந்தப் பத்துல ஒண்ணை எடுத்து, அது எத்தனாவதுங்கறதை மறந்துட்டு, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் முழுசாக் கேளு. அடுத்த தபா நம்ம ஊரு பேண்டு வாசிச்சா ஓசி பாஸ் தேடாம சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துப் போ. ரயில் லைனைத் தாண்டும்போது மட்டும் காதுல மாட்டுனதைக் கழட்டிடு. எந்த ஆல்பம் ஒசத்தின்னு எக்ஸ்பிரஸ் வண்டிக்குத் தெரியாது.