அரை விலை அத்தாரிட்டி

நியூ ஜெர்ஸியில் குடியேறிய நம்மவர்களில் இவர் தனி ரகம். கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம், கடன் அடைத்த வீடு. ஆனால் பிராட்வே நாடகத்துக்கு இவர் முழு விலை கொடுத்தார் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மானநஷ்ட வழக்குப் போட்டுவிடுவார். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலுக்கும் பார்க்கிங்குக்கும் வழியில் வாங்கும் பீட்சாவுக்கும் கணக்கே பார்க்கமாட்டார். டிக்கெட் மட்டும் தள்ளுபடியில் வரவேண்டும். அதுவும் அன்றைக்கே வாங்கியதாக இருக்கவேண்டும்.

இதற்கென்று ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறார். திரை தூக்கிய பிறகு காலி நாற்காலிக்கு விலை ஏது? பொழுது சாய்ந்தபின் கூடையில் கிடக்கும் கீரைக்கட்டுதான் அது. விற்கிறவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். யார் முதலில் இறங்கி வருகிறார் என்பதுதான் விளையாட்டு. வாதத்தில் தப்பில்லை. டைம்ஸ் சதுக்கத்தின் வடகோடியில், 47-ஆவது தெருவில், 1973 முதல் டி.கே.டி.எஸ். கவுன்டர் நடப்பதே இந்தக் கணக்கில்தான். அன்றைய காட்சிக்கு மிஞ்சியதை 20 முதல் 50 சதவீதம் வரை குறைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கவுன்டரின் கூரையே சிவப்புக் கண்ணாடிப் படிக்கட்டு. மேலே ஊர் சுற்ற வந்தவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கீழே வரிசையில் நம் ஆள், குடும்ப சமேதராக.

போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“என்ன நாடகம் மாப்ள?”

“கவுன்டர் கிட்ட போனாத்தான் தெரியும் மாமா. போர்டு மாறிக்கிட்டே இருக்கும்.”

“கதை என்னன்னாவது சொல்லுங்களேன்.”

“நாப்பதா, அம்பதான்னு மொதல்ல பாப்போம். கதைய உள்ள போய்ப் பாத்துக்கலாம்.”

மாமனார் அதற்கு மேல் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம்.

வரிசையில் இலவச ஆலோசனையும் உண்டு. முன்னால் நிற்கும் வெளியூர்த் தம்பதி ‘லயன் கிங்’ கிடைக்குமா என்று கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார். தினமும் அரங்கு நிறைகிற நாடகம் இங்கே எதற்கு வரப்போகிறது? பாட்டில்லாத வசன நாடகத்துக்குத் தனி ஜன்னல் உண்டு, அங்கே கூட்டமிருக்காது என்று வழிகாட்டி அனுப்புவார். தான் போகமாட்டார். பாட்டில்லாத நாடகத்துக்குப் பாதி விலையும் அதிகம் என்பது அவர் கட்சி.

ஸ்தல புராணம் முழுவதும் அத்துபடி. 1996-இல் ‘ரென்ட்’ வந்தபோது முதல் இரண்டு வரிசையை அன்றன்று 20 டாலருக்கு விற்றதும், இளவட்டங்கள் ராத்திரியே நடைபாதையில் படுத்து இடம் பிடித்ததும், அது கட்டுக்கடங்காமல் போய்க் குலுக்கலாக மாறியதும் நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். ‘ஹாமில்டன்’ 2015-இல் பிராட்வேக்கு வந்தபோது குலுக்கல் டிக்கெட் 10 டாலர். 10 டாலர் நோட்டில் இருப்பது அந்த ஹாமில்டனின் முகம்தானே! மறுவருஷமே அதன் உயர்ரக இருக்கை 849 டாலருக்குப் போனது. ஒரு நாற்காலிக்கு அப்படி விலை வைக்கிற ஊரில் இவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

குலுக்கலில் மனைவி பேரிலும் மைத்துனர் பேரிலும் போட்டுவைப்பார். விழாவிட்டால் காலை 10 மணிக்கு பாக்ஸ் ஆபீஸ் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். தூண் மறைக்கிற இருக்கை கிடைத்தால், “காதுக்கு எந்தத் தூண் மறைக்குது?” அரங்கு நிறைந்தால் மட்டும் விற்கிற நிற்கும் டிக்கெட் கிடைத்தால், “ரெண்டரை மணி நேரம் நின்னா சுகர் இறங்கும்.”

‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வை மட்டும் பார்த்ததில்லை. 40 சதவீதம் வந்தபோது 50-க்குக் காத்திருந்தார். 1988-இல் தொடங்கியது, எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டார். 2023 ஏப்ரலில் 13,981-ஆவது காட்சியோடு ஏறக்கட்டிவிட்டார்கள். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தாலும் நாடகம் உடனே இனித்துவிடாது. பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியவேண்டும். இடைவேளை வரை தாக்குப்பிடித்து, வானிலையில் ஆரம்பித்து, மெல்ல விலைக்கு வருவார். எதிராளி சொல்லும் தொகை தன்னுடையதைப்போல் இரண்டு மடங்கென்றால் முகத்தில் அப்படியொரு சாந்தம். இரண்டாம் பாதியில் நகைச்சுவை இல்லாத இடத்திலும் சிரிப்பார்.

மாமனாரோடு போன அன்றைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் சொன்ன தொகை இவர் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அந்தக் கவுன்டரை நடத்தும் அதே சங்கம் ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றோர் போன்றவர்களுக்கு ஆண்டுச் சந்தாவில் மலிவு டிக்கெட் தருகிறதாம், வரிசையே கிடையாதாம். பாட்டியம்மா சாக்லேட் நீட்டியபடி சொன்னார்.

விளக்கு அணைந்தது. மேடையில் கதாநாயகி உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நம் ஆள் இருட்டில் மாமனார் பக்கம் சாய்ந்தார்.

“மாமா, பென்ஷன் புக்கைக் கையோட கொண்டு வந்திருக்கீங்களா?”