வியப்பொலிகளும் ஆணைகளும்: ஒரு தகடூர் ஆராய்ச்சி

சங்கப் புலவர் வாக்கில் தகடூராய் விளங்கியதும், 1965 அக்டோபர் 2 அன்று சேலத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவானதுமாகிய தருமபுரிச் சீமையின் நடுகற்களை ஆராய்ந்து நூல் எழுதிய பண்டிதர் பலருண்டு. எனினும், அந்நடுகல்லில் கால் இடித்துக்கொண்டவன் வாயினின்று எழும் சப்தத்தைக் குறித்து ஒரு பக்கமேனும் வரைந்தார் எவருமிலர். அக்குறையை நிவர்த்திக்க எழுந்ததே இவ்வியாசம்.

முதற்கண் 'ஐயோ'. இது எமதர்மராஜனுடைய பத்தினியின் திருநாமமென்றும், அடிக்கடி கூவினால் அவ்வம்மையார் பதியோடு பிரசன்னமாவாரென்றும் கூறுவது பாட்டிமார் சித்தாந்தம். பிரத்தியட்சப் பிரமாணம் இதற்கு விரோதமாயிருக்கிறது. தொப்பூர்க் கணவாயில் வண்டி இறங்குகையில் தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் ஏககாலத்தில் அவ்வம்மையாரையே விளிக்கின்றனராதலின், சித்தாந்தம் மெய்யாயின் ஒரு பேருந்தும் சேலம் போய்ச் சேர்ந்திராது. 'ஐயன்' என்னும் தந்தைப் பெயரின் விளியென்று கொள்வதே பொருந்தும். 'அம்மா', 'அப்பா', 'ஆத்தாடி' என்பனவும் இவ்வினத்தனவே. நோவு வந்த கணத்தில் பெற்றோரும், அது தணிந்து திண்ணையில் சாய்ந்தபின் 'முருகா' என்று தெய்வமும் அழைக்கப்படுவது கூர்ந்து நோக்கத்தக்கது.

அடுத்தது வசைமொழி. சோற்றுப் பானையைக் கவிழ்த்த பேரனை நோக்கி 'நாச' என்று தொடங்கிய பாட்டி, பாதிச் சொல்லில் பாசம் குறுக்கிட, 'நாசமத்துப் போக' என்று முடிக்கிறாள். நாசம் அற்றுப் போகவேண்டுமென்பதே அதன் தாத்பரியமாகையால், சாபத்தின் ஓசையும் ஆசீர்வாதத்தின் பொருளும் ஒருங்கே அமைந்த இத்தகைய பிரயோகம் வேறெந்த பாஷையிலும் எளிதிற் கிட்டாது.

இனி ஆணை. ஒகேனக்கல்லுக்கு அக்கரையில் கன்னடர் கூறும் 'தேவராணெ' என்பதில் உள்ளதும் நம் 'ஆணை'யின் உடன்பிறப்பே. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் என் குடிகள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றுக, மாங்குடி மருதன் முதலான புலவர் என் நாட்டைப் பாடாதொழிக என்று வஞ்சினம் கூறியதைப் புறநானூறு காட்டும். அவன் பணயம் வைத்தது தன் கீர்த்தியை. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையிலோ, "வாங்கின வெலைக்கே தரேன்க்கா, எம்புள்ள மேல சத்தியம்" என்கிறார் வியாபாரி; பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது, அதன் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை. தன் பொருளினின்று பிறர் தலைக்குப் பணயம் இடம்பெயர்ந்ததே ஈராயிரம் ஆண்டுகளில் தமிழர் ஆணை கண்ட பரிணாமமென்பது எமது துணிபு.

ஆதலின் வாசகர்காள், எவரேனும் உங்கள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்ய முற்படின், தலையை விலக்கிக்கொண்டு, முதலில் தக்காளியின் விலையை அடுத்த கடையில் விசாரியுங்கள்.